சின்சேயிடம் போகுமுன்



முழங்கால், இடுப்பு, தோள்பட்டை: இந்த மூன்றில் ஒன்றுகூட வலிக்காதவர் நம் காலை உடற்பயிற்சிக் குழுவில் யாருமில்லை. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரையும் களிம்பும் அலமாரியில் கிடக்க, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொன்ன சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன என்று உங்களில் பலர் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆளுக்கொரு பதிலாக நான் சொல்லி, அது வாய்க்கு வாய் மாறி, இப்போது "அவளே போகச் சொன்னாள்" என்று ஒரு கட்சியும் "போகவே கூடாது என்றாள்" என்று இன்னொரு கட்சியும் ஆகிவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சீன மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் மாண்டரின் கொஞ்சம் பேச வரும் என்பதால் பலருக்குத் துணையாகச் சீன மருந்தகங்களுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. ஊசி என்றதும் நடுங்குகிறவர்கள், அங்கே கட்டிக் கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தை "வெறும் வேரும் பட்டையும்தானே" என்று ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக் குடிக்கிறார்கள். தொல்லை பெரும்பாலும் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

முதலில், யாரிடம் போவது? சிங்கப்பூரில் இதற்கென்று 2000இல் சட்டமே வந்துவிட்டது. பாரம்பரிய சீன மருத்துவம் பார்க்கிறவர் அதற்கான வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நடப்பில் உள்ள தொழிற்சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேரப்பிள்ளையிடம் பெயரைக் கொடுத்தால் அரை நிமிட வேலை. கையில் காசில்லை என்றால் சின் சுவீ சாலையில் தோங் சாய் மருத்துவக் கழகம் இருக்கிறது. 1867இல் சீன வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது. அன்றிலிருந்து இனம், மதம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம். தோ பாயோவில் தலைமையகம் வைத்திருக்கும் சுங் ஹுவா மருத்துவக் கழகம் 1952இல் தொடங்கியது, அதுவும் அறநிறுவனம்தான். நாமெல்லாம் அங்கே போகலாமா என்று தயங்குகிறவர்கள் ஒருநாள் போய் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், மலாய்க்காரப் பாட்டிகளும் இருப்பார்கள். பழைய தலைமுறை சின்சேக்களிடம் பசார் மலாயில் பேசியே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். இளையவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள்.

போகிற அன்று காலையில் நாக்கு வழிக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், இது முக்கியம். சீன வைத்தியர் நாக்கின் நிறத்தையும் தடிப்பையும் பார்ப்பார். அதைவிடக் கவனமாக அதன்மேல் படிந்திருக்கும் மாவைப் பார்ப்பார். மாவு வெள்ளையா மஞ்சளா, மெல்லிசா தடிப்பா என்பதெல்லாம் அவருக்குச் சேதி. நாம் விடிந்ததும் விடியாததுமாக அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் போய் நாக்கை நீட்டுகிறோம். வெற்றிலை போடுகிறவர்கள், காப்பி குடித்த கையோடு போகிறவர்கள் கதையும் அப்படித்தான். வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரலை வைத்து அழுத்தியும் தளர்த்தியும் நாடி பார்ப்பார். ஊரில் சித்த வைத்தியரிடம் கை நீட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அவரும் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பவர்தான். சின்சே அதே மூன்று விரலில் வேறு கணக்குப் பார்க்கிறார்; ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வோர் உறுப்பு. இரண்டு பேர் சொல்வதையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

பிறகு கேள்விகள். தூக்கம் எப்படி, மலம் இறுக்கமா இளக்கமா, இரவில் வியர்க்கிறதா, குடிக்க வெந்நீர் தேடுகிறதா தண்ணீர் தேடுகிறதா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று நீளும். முழங்கால் வலி என்று போனவரிடம் மலத்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று நம் அண்ணன் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த முறையில் முழங்கால் தனியாக வலிப்பதில்லை. உடம்பில் சூடா குளிர்ச்சியா, ஈரமா வறட்சியா என்று பார்த்துத்தான் வலிக்கு ஒரு பெயர் வைப்பார்கள். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இதைப் பிடித்துக்கொள்வது கடினமில்லை. ஆனால் 'சிறுநீரகம் பலவீனம்' என்று சின்சே சொன்னால் பதறிப்போய்ப் பிள்ளைகளுக்குப் போன் போடாதீர்கள். அது அவர்கள் கணக்கில் முதுமை, எலும்பு, இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பெயர். உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை மருந்தகத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இதைத் திருப்பியும் படித்துக்கொள்ளுங்கள்: நாடி பார்த்துவிட்டு "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது" என்று சொன்னாலும் அந்த இரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

இனி ஊசி, அதாவது அக்குபஞ்சர். உறை பிரிக்காத பாக்கெட்டிலிருந்து உங்கள் கண்முன் எடுக்க வேண்டும். ஒருமுறை குத்தியதும் தூக்கி எறிய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் கனம், நடுவில் துளை கிடையாது. இரத்தம் எடுக்கும் ஊசி ஏறக்குறைய இதைப்போல் மூன்று மடங்கு கனம். இன்சுலின் பேனாவைத் தினமும் வயிற்றில் வைத்துக்கொள்கிறவர்கள் இதற்குப் பயந்தேன் என்று சொல்லவே கூடாது. தோலைத் தாண்டும்போது கொசுக்கடி அளவுக்கு உறுத்தும். அதன்பின் சின்சே ஊசியை இலேசாகத் திருகுவார். அப்போது உள்ளே மந்தமாக ஒரு கனம், மரத்துப்போகிற மாதிரி, தசை இழுத்துப் பிடிக்கிற மாதிரி வரும். அதை அவர் எதிர்பார்த்துத்தான் செய்கிறார். வந்ததா என்று கேட்பார். சுரீரென்று மின்சாரம் போல் ஓடினாலோ எரிந்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் உடனே சொல்லுங்கள். முழங்காலுக்குப் போனால் முழங்கால் சிப்பிக்குக் கீழே நாலு விரற்கடை தள்ளி, வெளிப்பக்கமாக ஒரு புள்ளியில் குத்துவார்கள். கையிலும் பாதத்திலும்கூடக் குத்துவார்கள். இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருக்கிற நாளில் நேரம் வாங்காதீர்கள், தலைசுற்றும். முதல்முறை உட்கார்ந்தபடி குத்திக்கொள்ளாமல் படுக்கக் கேளுங்கள். சேலை கட்டுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் தளர்வான சட்டையும் முழங்காலுக்குமேல் சுருட்டக்கூடிய கால்சட்டையும் போட்டுக்கொண்டு போனால் சங்கடமில்லை. பெண் வைத்தியர்தான் வேண்டுமென்றால் நேரம் வாங்கும்போதே சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஆபத்து? ஜெர்மனியில் ஊசி குத்திக்கொண்ட 2,29,230 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு எட்டு ஒன்பது பேருக்கு ஏதோவொரு தொல்லை இருந்தது. அதிலும் பெரும்பகுதி துளி இரத்தம், கன்றிப்போன தோல், குத்திய இடத்தில் வலி. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது இரண்டே பேருக்கு. அரிதுதான், ஆனால் தோளிலும் மேல்முதுகிலும் ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறலோ நெஞ்சில் குத்தலோ வந்தால் "ஊசி வேலை செய்கிறது" என்று காத்திருக்காமல் அவசர உதவிக்கு 995ஐ அழையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஊசியில் மின்கம்பி மாட்டும் முறைக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊசியோடு வேறு சிலவும் வரும். கண்ணாடிக் குவளையை முதுகில் கவிழ்த்து உறிஞ்சி எடுப்பது ஒன்று. வட்ட வட்டமாகக் கருநீலத் தடம் ஒரு வாரம்வரை இருக்கும், பார்க்கத்தான் பயங்கரம். மூலிகையைச் சுருட்டிப் பற்றவைத்துத் தோலுக்கு அருகே காட்டிச் சூடேற்றுவது இன்னொன்று. அந்த மூலிகை நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் புகை நெடி அடிக்கும், ஆஸ்துமா இருப்பவர்கள் வேண்டாமென்று சொல்லிவிடலாம். சூடு விளக்கை வைத்துவிட்டுப் போவதும் உண்டு. இங்கேதான் சர்க்கரை நோயாளிகளுக்கு நான் குரலை உயர்த்திச் சொல்வது: உங்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. விளக்கு சுடுவது உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, ஆறாமல், கடைசியில் விரலை எடுக்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களுடைய புண் வெந்நீர் ஒத்தடத்தில் வந்தது, சின்சேயிடம் வந்ததல்ல. புண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பாதத்தில் சூடு வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, குணமாகுமா?

2007இல் வெளியான இன்னொரு ஜெர்மன் ஆய்வைச் சொல்கிறேன். பல ஆண்டாக இடுப்புவலியோடு இருந்த 1,162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீன முறைப்படி ஊசி. இரண்டாவது குழுவுக்கு, புள்ளி அல்லாத இடங்களில் மேலாகக் குத்திய போலி ஊசி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மாத்திரை, பயிற்சி, உடலியக்கச் சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 47.6 விழுக்காட்டினருக்கும், போலி ஊசிக் குழுவில் 44.2 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காட்டினருக்கும் முன்னேற்றம். இந்த மூன்று எண்ணையும் வைத்துக்கொண்டு ஆளாளுக்குச் சண்டை போடலாம், போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். உண்மை ஊசியும் போலி ஊசியும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே புள்ளியும், உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சொல்லும் நாளமும் கட்டுக்கதை என்பது ஒரு தரப்பு. இரண்டுமே வழக்கமான சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தனவே என்பது மறு தரப்பு. என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரி. அரைமணி நேரம் ஒருவர் உங்கள் வலியைப் பொறுமையாகக் கேட்டு, தொட்டு, படுக்கவைத்துக் கவனிப்பதே பாதி மருந்து. ஊசியின் சொந்தப் பங்கு அதற்குமேல் கொஞ்சம். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதில் எதுவுமே பெரிதாக உதவவில்லை என்பதையும் அந்த எண்களிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஜெர்மனியில் 2006இல் இடுப்புவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் காப்புறுதியில் பணம் தர முடிவு செய்தார்கள். பிரிட்டனின் வழிகாட்டி 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்றது. அதே பிரிட்டன் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க அதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உள்பக்கப் புள்ளி உதவுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. சர்க்கரை, புற்றுநோய், அடைபட்ட இதயக்குழாய் ஆகியவற்றை ஊசியால் போக்குவதாக யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு அமெரிக்காவின் முதியோர் காப்புறுதியான மெடிகேர் 2020இல் கொண்டுவந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு 90 நாளில் 12 தடவை, குணம் தெரிந்தால் இன்னும் எட்டு, தெரியாவிட்டால் நிறுத்து. நீங்களும் அப்படியே செய்யுங்கள். தொடங்குமுன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: ஈரச்சந்தை வரைக்கும் நிற்காமல் நடக்க முடிகிறதா, எத்தனை படி ஏற முடிகிறது, இரவில் வலியால் எழுந்திருக்கிறேனா. ஐந்தாறு தடவை போனபின் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மாற்றமே இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு நின்றுவிடுங்கள். முதல் நாளே பத்துத் தடவைக்கான பேக்கேஜை வாங்கச் சொன்னால் "மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வந்துவிடுங்கள். இதற்கெல்லாம் உதவத்தானே மகன்கள் இருக்கிறார்கள்.

இப்போது பொட்டலம். வேர், பட்டை, விதை என்று காகிதத்தில் மடித்துத் தருவார்கள். நாம் கஷாயம் காய்ச்சுவதுபோல மண்சட்டியில் சுண்டக் காய்ச்ச வேண்டும். இப்போதெல்லாம் பொடியாகவும் மாத்திரையாகவும் தருகிறார்கள். இவை வேலை செய்யாது என்று நான் சொல்லவே இல்லை. வேலை செய்வதால்தான் பயம். மலேரியாவுக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் ஆர்டிமிசினின் மருந்து, சீனத்தின் பழைய வைத்தியச் சுவடியில் இருந்த ஒரு மூலிகையிலிருந்து வந்தது. அதைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. மலேரியாவைக் கொல்லும் அளவுக்கு வலிமை ஓர் இலைக்கு இருக்கிறதென்றால், உங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலிமை இன்னொரு வேருக்கு இருக்காதா?

இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் இளைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயர் ஒத்துப்போகும் இரண்டு மூலிகைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று மாறிப் போயிருந்தது. மாறிவந்தது அரிஸ்டோலோக்கியா வகைச் செடி. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய நூறு பேர். பலருக்கு டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் தேவைப்பட்டன, சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. சீனர்களின் மருந்துதானே என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம், அதே நஞ்சு.

உங்கள் மாத்திரைகளோடு மோதும் சிலவற்றைச் சொல்கிறேன். இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குத் தான்ஷென், தாங்குவெய் என்ற இரண்டு சீன மூலிகைகளும் ஆகாது. இரத்தக் கசிவு கூடும். தாங்குவெய் பெண்களுக்குச் சத்து என்று சூப்பில்கூடப் போடுவார்கள், கவனம். எத்தனையோ சீனக் கஷாயங்களில் சேரும் அதிமதுரம், நாம் தொண்டைக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதே அதிமதுரம், தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சித்த மருத்துவத்தில் நாபி என்று சொல்லும் கிழங்கின் சீன உறவினர்களை மூட்டுவலிக்குக் கொடுப்பது உண்டு. பக்குவமாகச் சுத்தி செய்து, நெடுநேரம் கொதிக்கவைத்தால்தான் அதன் நஞ்சு இறங்கும். உதடும் நாக்கும் மரத்து, நெஞ்சு படபடத்தால் அடுத்த மடக்குக் குடிக்கக் கூடாது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கெட்டது, பதிவு பெற்ற சின்சே தராத மருந்து. இணையத்திலும் எல்லை தாண்டிப் போய்வரும்போதும் 'மூட்டுவலிக்கு நூறு விழுக்காடு மூலிகை' என்று வாங்கிவருகிறீர்களே, அது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. இப்படிப்பட்ட மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. முகம் வீங்கி உருண்டையாகும், சர்க்கரை எகிறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

செய்ய வேண்டியது இரண்டே காரியம். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு சின்சேயிடம் காட்டுங்கள். சின்சே எழுதிய மருந்துகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் நம்மில்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும். ஒரு மாதத்துக்குமேல் கஷாயம் குடிப்பதாக இருந்தால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள். அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

நம் குழுவின் வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை தவறாமல் வரும் ஒரு செய்தியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி இரத்தம் வரவைத்தால் பிழைத்துக்கொள்வாராம், சீனப் பேராசிரியர் சொன்னாராம். அனுப்பாதீர்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நீங்கள் ஊசி தேடும் நேரம் அதில் கழியும். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால் 995.

கடைசியாக, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சீன மருந்தில் எல்லாமே மூலிகை இல்லை. சிள்வண்டு உரித்துப்போட்ட தோல், காய்ந்த மண்புழு, சிப்பி ஓடு, மான்கொம்பு, கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த கூழ் எல்லாம் அதில் உண்டு. மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் எழுதும் மருந்துகளில் பூச்சி வகைகள் சேருவது சாதாரணம். பொடியாக வந்தால் கண்ணுக்கும் தெரியாது. முஸ்லிம் அண்ணன்மார்களுக்கும் இது பொருந்தும். சில மருந்துகளைச் சாராயத்தில் ஊறவைத்துத் தருவார்கள். நாடி பார்க்கும்போதே, "விலங்குப் பொருள் வேண்டாம், சாராயம் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சீனர்களிலும் சைவ பௌத்தர்கள் நிறைய இருப்பதால் சின்சேக்கு இது பழக்கமான வேண்டுகோள்தான். வேறு மூலிகையை எழுதித் தருவார். சொல்லத் தெரியாதவர்கள் நேரம் வாங்கிய பிறகு எனக்குச் செய்தி அனுப்புங்கள். வியாழக்கிழமை தவிர மற்ற நாள் காலையில் நான் கூட வருவேன்.

அன்புடன்,
உங்கள் குழுவின் பழைய தாதி